மாடு பருவத்துக்கு வரவில்லை என்றால் பி.ஜி. ஊசி போதுமா?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 11, 2024

"எங்க ஜெர்சி கலப்பு மாடு, ரெண்டாம் ஈத்து. கன்னு போட்டு நாலு மாசம் ஆச்சு, இன்னும் ஒரு தடவைகூடக் கத்தல. பக்கத்துத் தோட்டத்துல பி.ஜி. ஊசி போட்டு மூணாம் நாளே பருவத்துக்கு வந்துச்சாம், சினையும் நின்னுடுச்சாம். 2 மில்லி ஊசி வாங்கி நானே போட்டுடலாமா? எல்லா மாட்டுக்கும் கேக்கும்னுதானே சொல்றாங்க?"

பிப்ரவரி 11, இரவு

போடாதீர்கள். பி.ஜி. என்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற ஹார்மோன் ஊசி. முதலில் மாடு சினை இல்லாமல் காலியாகத்தான் இருக்கிறதா என்று டாக்டரை ஆசனவாய் வழியாகக் கைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மேய்ச்சலுக்குப் போகிற மாடு என்றால் இன்னும் கட்டாயம். யாருக்கும் தெரியாமல் காளை சேர்ந்து மூன்று மாதச் சினையோடு வந்து நிற்கும் மாடுகளை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். சினை மாட்டுக்கு ஐந்து மாதத்துக்குள் பி.ஜி. போட்டால் கரு கலைந்துவிடும். கூடவே நஞ்சுக்கொடி தங்கல், கருப்பையில் சீழ். வாங்கின ஊசியைவிட அதற்கு ஆகிற செலவு பல மடங்கு.

பிப்ரவரி 12

நேற்று தூக்கக் கலக்கத்தில் எழுதியது. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பசுவின் பருவச் சுழற்சி 21 நாள். 18 முதல் 24 வரை போகலாம். கருமுட்டை வெளியேறிய இடத்தில் ஒரு மஞ்சள் கட்டி வளரும், கார்பஸ் லூட்டியம் என்பது அதுதான். அது புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோனைச் சுரந்துகொண்டிருக்கும்வரை மாடு பருவத்துக்கு வராது. கரு தங்கவில்லை என்றால் 16, 17ஆம் நாள் வாக்கில் கருப்பையே புரோஸ்டாகிளாண்டினை விட்டு அந்தக் கட்டியைக் கரைத்துவிடும். அடுத்த சில நாளில் மாடு கத்தும், கோழை ஒழுகும்.

பி.ஜி. ஊசி செய்வது இந்தக் கடைசி வேலையைத்தான், கொஞ்சம் முன்கூட்டியே. அதில் இரண்டு வகை உண்டு. டைனோபுரோஸ்ட் என்றால் 25 மில்லிகிராம், 5 மில்லி. கிளோபுரோஸ்டினால் என்றால் 500 மைக்ரோகிராம், 2 மில்லி. நீங்கள் சொல்வது இரண்டாவது. ஊசி புதிதாகப் பருவத்தை உண்டாக்கவில்லை, தடுத்து நிற்கிற கட்டியை எடுத்துவிடுகிறது, அவ்வளவுதான். கட்டியே இல்லாத மாட்டுக்குப் போட்டால் தண்ணீர் இல்லாத அணையில் மதகைத் திறந்த மாதிரி.

கட்டி இருந்தாலும், கருமுட்டை வெளியேறி முதல் ஐந்து நாளுக்கு அது ஊசிக்கு மசியாது. 17ஆம் நாளுக்கு மேல் தானே கரைந்துகொண்டிருக்கும், ஊசி வீண். ஆக 21 நாளில் ஏறக்குறைய 12 நாள்தான் ஊசி கேட்கும் காலம். நாள் தெரியாமல் போட்டால் பாதிக்குச் சற்று மேல் வாய்ப்பு. அதுவும் சுழற்சி ஓடுகிற மாட்டுக்கு மட்டும். பக்கத்துத் தோட்டத்து மாடு அந்த 12 நாளுக்குள் இருந்திருக்கிறது.

பிப்ரவரி 12, மாலை

"அப்போ 11 நாள் விட்டு ரெண்டாவது ஊசி போட்டா எல்லா மாடும் மாட்டிக்குமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கணக்கு சரி. முதல் ஊசியின்போது ஐந்து நாளுக்குள் இருந்த மாடு இரண்டாவது ஊசிக்கு 11 முதல் 16ஆம் நாளில் இருக்கும். முதல் ஊசிக்கே பருவத்துக்கு வந்த மாடு ஏழெட்டாம் நாளில் இருக்கும். கடைசி நாட்களில் இருந்தது தானாகவே பருவம் பார்த்துவிட்டு எட்டு, பத்து நாளில் நிற்கும். மூன்றுமே ஊசி கேட்கும் காலம்தான். இருபது கிடேரிகளை ஒரே வாரத்தில் சினை ஊசிக்கு (செயற்கைக் கருவூட்டலுக்கு) கொண்டுவர இப்படித்தான் செய்வோம்.

ஆனால் நம் கேள்விக்காரரின் மாட்டுக்குச் சுழற்சி ஓடுகிறதா என்பதே இன்னும் தெரியாது.

பிப்ரவரி 14

கேள்விக்காரர் பதில் போட்டிருக்கிறார். டாக்டர் வந்து பார்த்தாராம். சினை இல்லை. இரண்டு சினைப்பையும் சிறுத்து, வழவழவென்று, கட்டி எதுவும் தட்டுப்படாமல் இருக்கிறதாம். மாடு நாளுக்கு 11 லிட்டர் கறக்கிறது. தீவனம் சோளத்தட்டும் வைக்கோலும், கறக்கிற நேரத்தில் ஒரு கை பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு. தாது உப்பு கிடையாது. விலா எலும்பை எண்ணலாம் என்று அவரே எழுதியிருக்கிறார்.

இந்த மாட்டுக்குப் பி.ஜி. பத்து போட்டாலும் ஒன்றும் நடக்காது. கன்று ஈன்ற புதிதில் தின்பதைவிட அதிகமாகக் கறந்துவிடுகிறது, மிச்சத்தை உடம்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. அந்த நிலையில் மூளை சினைப்பைக்குப் போகிற உத்தரவை நிறுத்தி வைக்கும். அடர்தீவனத்தைப் பாலுக்குத் தக்கபடி ஏற்றுங்கள், பச்சைத் தீவனம் கொடுங்கள், தாது உப்புக் கலவை நாளுக்கு 30 முதல் 50 கிராம், குடற்புழு நீக்கம். அப்புறம்தான் மருந்து. அப்போதும் முதல் மருந்து பி.ஜி. இல்லை. புரோஜெஸ்ட்ரோன் தோய்ந்த சிலிக்கோன் கருவியைப் பிறப்புறுப்புக்குள் ஏழு முதல் ஒன்பது நாள் வைத்து எடுப்போம். ஆங்கில டி (T) எழுத்து வடிவத்தில் இருக்கும். நியூசிலாந்தில் உருவானது. அமெரிக்காவில் விற்பதில் 1.38 கிராம் புரோஜெஸ்ட்ரோன் இருக்கிறது. இல்லாத கட்டி இருப்பதுபோல உடம்புக்குக் காட்டி, திடீரென்று எடுத்துவிட்டால் சுழற்சி கிளம்பும். எடுக்கும்போது வால் பக்கம் நின்றுகொண்டு மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள். நாற்றத்தைப் பார்த்து மாடு கெட்டுவிட்டது என்று போன் செய்பவர்கள் அதிகம். பெரும்பாலும் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 17

பி.ஜி.யைத் திட்டியே எழுதுகிறேன் என்று ஒரு நண்பர் கோபித்துக்கொண்டார். அதற்கென்று உண்மையான இடங்கள் உண்டு. கருப்பையில் சீழ் கட்டி, கட்டி கரையாமல் மாதக்கணக்கில் நிற்கும் மாடு. உள்ளேயே கரு இறந்து காய்ந்து போய், சினை என்று நம்பி வீட்டார் காத்திருக்கும் மாடு. இவற்றுக்கு அதைவிட நல்ல மருந்து என் பெட்டியில் இல்லை. அதேபோல, வெளியே அடையாளம் காட்டாமல் ஊமைப் பருவம் போகிற மாட்டின் சினைப்பையில் முற்றிய கட்டியைக் கையால் உணர்ந்த பிறகு போட்டால், இரண்டிலிருந்து ஐந்து நாளுக்குள் பெரும்பாலும் வந்துவிடும்.

அப்புறம் ஓவ்சிங்க், அதாவது பருவம் பார்க்காமல் தேதி குறித்துச் சினை ஊசி போடும் முறை பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். முதலில் ஜி.என்.ஆர்.எச். (கருமுட்டை வெளியேற மூளை விடும் ஹார்மோன்), ஏழு நாள் கழித்துப் பி.ஜி., அதிலிருந்து இரண்டு நாள் கழித்து மறுபடி ஜி.என்.ஆர்.எச்., அதிலிருந்து 16 முதல் 20 மணி நேரத்தில் சினை ஊசி. மாடு கத்துகிறதா, கோழை வருகிறதா என்று பார்க்கவே வேண்டாம். 1995இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பர்ஸ்லி, மீ, வில்ட்பேங்க் மூவரும் வெளியிட்ட முறை. இங்கே ஜி.என்.ஆர்.எச்.சுக்குப் பெரும்பாலும் பியூசெரெலின்தான் போடுகிறோம், பசுவுக்கு 10 மைக்ரோகிராம்.

அந்த மருந்துக்கு ஒரு பழைய கதை உண்டு. ஜி.என்.ஆர்.எச். என்பது பத்தே அமினோ அமிலம் கொண்ட துணுக்கு. ஆண்ட்ரூ ஷாலி, ரோஜர் கில்லெமின் என்று இரண்டு விஞ்ஞானிகள். ஷாலி பன்றி மூளைகளிலும் கில்லெமின் ஆட்டு மூளைகளிலும் தேடினார்கள். இறைச்சிக் கூடங்களிலிருந்து லட்சக்கணக்கில் வாங்கி அரைத்தார்கள். ஒருவரை ஒருவர் முந்தத் துடித்த போட்டி. கடைசியில் 1977இல் இருவருக்கும் ஒரே நோபல் பரிசில் பங்கு.

சரி, விஷயத்துக்கு வருவோம். விஸ்கான்சினில் நூற்றுக்கணக்கான மாடுகளை ஒன்றிரண்டு பேர் பார்த்துக்கொள்கிறார்கள். அங்கே கண்ணால் பருவம் பார்ப்பது நடக்காது. அதிகம் கறக்கும் மாட்டில் பருவம் நிற்கும் நேரமும் சுருங்கிவிடுகிறது. நிறையத் தின்பதால் ஈரலுக்கு ரத்தம் அதிகம் பாய்கிறது, ஹார்மோன்கள் சீக்கிரம் கழிந்துவிடுகின்றன. அவர்களுக்கு இந்த முறை தேவைப்பட்டது. இங்கே வாசலில் கட்டியிருக்கிற ஒரே மாட்டுக்கு மூன்று ஊசி எதற்கு? காலையும் மாலையும் வாலடியைப் பாருங்கள். காலையில் பருவம் கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலை. கண்ணுக்குக் காசு கிடையாது.

பிப்ரவரி 18

மேலே எழுதியதற்குச் சேலம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியது: "காலைல கறந்துட்டு நூறு நாள் வேலைக்குப் போனா வர நாலு மணி. மாடு மத்தியானம் கத்துச்சா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சாலும் ஊசி போடறவர் அன்னைக்கு வேற ஊர்ல இருப்பார்."

இது என் கணக்கில் இல்லாத விஷயம். கட்டுத்தறியில் தனியாக நிற்கும் மாட்டின் மேல் தாவ வேறு மாடும் கிடையாது, அசையாமல் நின்று கொடுக்கும் அடையாளமும் கிடையாது. பார்க்க ஆளும் இல்லை என்றால் தேதி குறித்துப் போடும் ஊசிக்கு அர்த்தம் உண்டு. ஊசி போடுபவரிடம் "வியாழன் காலை பத்து மணி" என்று முன்பே சொல்லி வைக்கலாம். அதனால் நேற்று சொன்னதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன்: சுழற்சி ஓடுகிற, உடம்பு தேறிய மாடு, பார்க்க ஆள் இல்லாத வீடு என்றால் ஓவ்சிங்க் நல்ல வழி. நூறு மாட்டில் நாற்பது சினை பிடித்தாலே நல்ல பலன் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு நூறு என்று யாராவது சொன்னால் அவரிடம் வாங்காதீர்கள்.

பிப்ரவரி 18, இரவு

விட்டுப்போனது. பி.ஜி. தோல் வழியாகவே உள்ளே போகும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் மருந்தைத் தொடவே கூடாது. மாட்டைப் பிடிப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான், மாடு உதறினால் தெறிப்பது அவர்கள் கையில். கையில் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். "நானே போட்டுக்கறேன்" என்பவர்களுக்கு இதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பிப்ரவரி 25

குதிரைக்கும் இதே ஊசிகள்தானா என்று கேட்டவருக்கு. வேலையில் சேர்ந்த புதிதில் மகாராஷ்டிராவில் ஒரு பந்தயக் குதிரைப் பண்ணையில் சில காலம் இருந்தேன். மாட்டில் கற்ற பாதி அங்கே செல்லாது.

முதலில் பி.ஜி. பசு, அசை போட்டுக்கொண்டே ஊசியை வாங்கிக்கொள்ளும். குதிரைக்குப் போட்டால் இருபது நிமிடத்தில் உடம்பெல்லாம் வேர்த்து, வயிற்று வலியில் காலைத் தட்டும். ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும். ஆனால் முதல்முறை பார்க்கும்போது நமக்கும் வேர்க்கும். மாட்டைவிட எடை அதிகம் என்றாலும் அளவு பாதிக்கும் கீழே. பசுவில் கருப்பையிலிருந்து புரோஸ்டாகிளாண்டின் பக்கத்து ரத்தக்குழாய்க்குத் தாவி நேராகச் சினைப்பைக்குப் போகிறது. குதிரையில் அந்தக் குறுக்கு வழி இல்லை, உடம்பு முழுக்கச் சுற்றித்தான் வர வேண்டும். அதனால் குதிரையின் கட்டி மிகக் குறைந்த மருந்துக்கே கரைந்துவிடும்.

இரண்டாவது, குதிரை பகல் நீளும் காலத்தில்தான் பருவத்துக்கு வரும். இங்கே பந்தயக் குதிரைகளுக்கு எந்தத் தேதியில் பிறந்தாலும் ஜனவரி 1தான் பிறந்தநாள். சினைக்காலம் 11 மாதம். மே மாதம் பிறந்த குட்டி, பிப்ரவரியில் பிறந்த குட்டியோடு ஒரே வயது என்று ஓட வேண்டும். அதனால் எல்லோரும் பிப்ரவரி நடுவிலேயே சேர்த்துவிடத் துடிப்பார்கள். டிசம்பரிலிருந்தே லாயத்தில் விளக்குப் போட்டு, இயற்கை வெளிச்சத்தோடு சேர்த்து நாளுக்கு 16 மணி நேரம் ஆக்குவோம். பருவம் ஒழுங்கில்லாமல் இழுக்கும் குதிரைகளுக்கு ஆல்ட்ரெனோஜெஸ்ட். புரோஜெஸ்ட்ரோன் போல வேலை செய்யும், எண்ணெயில் கரைத்த மருந்து, 500 கிலோ குதிரைக்கு நாளுக்கு 22 மில்லிகிராம், 15 நாள். நிறுத்தின நாலைந்து நாளில் ஒழுங்கான பருவம்.

தரோபிரெட் என்ற இந்தப் பந்தயக் குதிரை இனத்தில் சினை ஊசி அனுமதி இல்லை, நேராகச் சேர்த்தால்தான் குட்டிக்குப் பதிவு. ஒரு பொலிகுதிரைக்கு வரிசையில் எத்தனையோ பெட்டைகள் காத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒருமுறைதான் சேர்க்க முடியும் என்ற நிலை. அதனால் ஸ்கேனில் ஃபாலிக்கிள் (கருமுட்டை வளரும் பை) 35 மில்லிமீட்டரைத் தாண்டியதும் எச்.சி.ஜி. அல்லது டெஸ்லொரெலின் போட்டு, இரண்டு நாளுக்குள் கருமுட்டை வெளியேறும்படி செய்துவிட்டு அழைத்துப் போவோம்.

ஆல்ட்ரெனோஜெஸ்ட் விஷயத்தில் ஒன்று. அதுவும் தோல் வழியாகச் சுலபமாகப் போகும். பெண்களுக்கு மாதவிடாய் தப்பும். சாதாரண ரப்பர் கையுறை எண்ணெயைத் தடுக்காது, நைட்ரைல் அல்லது வினைல் வேண்டும். போட்டிகளில் பெட்டைக் குதிரைக்கு இதை அனுமதிக்கிறார்கள். ஆனால் 2018இல் ஆஸ்திரேலியாவில் ஊசியாக வந்த சில ஆல்ட்ரெனோஜெஸ்ட் மருந்துகளில் டிரென்போலோன் வகை ஸ்டீராய்டின் தடயம் கலந்திருப்பதாகப் பந்தய அதிகாரிகள் எச்சரித்தார்கள். அனுமதித்த மருந்தைக் கொடுத்தும் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிக்கொள்ளலாம் என்ற நிலை.

மார்ச் 2

"புரோஜெஸ்ட்ரோன் கருவியோட பி.எம்.எஸ்.ஜி. போடச் சொன்னாங்க, அது எதுல செய்றாங்க?" என்று கேட்கிறார் ஒருவர்.

பி.எம்.எஸ்.ஜி. சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன். எடுப்பது சினைக் குதிரையின் ரத்தத்திலிருந்து. சினையான 40 நாள் வாக்கில் குதிரையின் கருப்பையில் சின்னச் சின்னக் கிண்ணங்கள் போன்ற திசு உருவாகி இந்த ஹார்மோனைக் கொட்டும், 120 நாள் வாக்கில் மறையும். 1930இல் கலிபோர்னியாவில் கோல், ஹார்ட் இருவரும் கண்டுபிடித்தார்கள். (அந்தக் கிண்ணங்கள் உருவான பிறகு குதிரைக்குக் கரு கலைந்தால் அந்தப் பருவத்தில் மறுபடி சினை பிடிப்பது கஷ்டம். ஸ்கேனில் இரட்டைக் குட்டி தெரிந்தால் அதற்கு முன்பே முடிவெடுக்க நாங்கள் பறப்பது இதனால்தான்.)

பன்றி, ஆடு, மாடு என்று உலகம் முழுக்க விற்கும் இந்த மருந்துக்காக அர்ஜென்டினா, உருகுவே, ஐஸ்லாந்து நாடுகளில் சினைக் குதிரைகளிடம் ரத்தம் எடுக்கிறார்கள். ஐஸ்லாந்தில் வாரம் ஒருமுறை 5 லிட்டர் வரை, பல வாரங்களுக்கு. 2021 நவம்பரில் விலங்குநல அமைப்புகள் அங்கே எடுத்த வீடியோ வெளிவந்தது. குதிரைகளை அடித்துக் கூண்டுக்குள் தள்ளுவதைப் பார்த்துவிட்டு ஐரோப்பாவில் பெரிய சண்டை. எங்கள் பண்ணையில் சினைக் குதிரைக்குப் பக்கத்தில் குரலை உயர்த்திப் பேசக்கூட விடமாட்டார்கள், அப்படிப் பழகிய எனக்கு அந்த வீடியோவை முழுதாகப் பார்க்க முடியவில்லை. அதற்குப் பிறகு நான் பி.எம்.எஸ்.ஜி. எழுதுவதைக் குறைத்துக்கொண்டேன். முழுக்க நிறுத்தவில்லை. மெலிந்து, சுழற்சியே நின்றுபோன மாட்டில் கருவியை எடுக்கும்போது அது கொஞ்சம் கூடுதல் உதவிதான் என்பதையும் மறுக்க முடியாது. தீவனம் சரியாகப் போன மாட்டில் அது இல்லாமலே வேலை நடக்கிறது.

மார்ச் 3

எதிர்பார்த்தேன், வந்துவிட்டது: "இந்த ஹார்மோன் ஊசியாலதான் பால் விஷமாச்சு." அன்பரே, நீங்கள் சொல்வது ஆக்சிடோசின். கன்று செத்த மாட்டுக்கும் எருமைக்கும் பால் இறங்கக் கறவைக்கு முன் போடுகிறார்களே, அது. அதைத் தினம் போடுவது தவறு, அதற்கு நானும் எதிரி. 2018இல் மத்திய அரசு தனியார் தயாரிப்பையே தடை செய்தது, அந்த ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. இங்கே பேசுவது வேறு மருந்துகள், ஒரு ஈத்துக்கு ஒன்றிரண்டு முறை போடுபவை. பி.ஜி. உடம்பிலிருந்து வேகமாகக் கழிந்துவிடும், பல நாடுகளில் போட்ட அன்றைய பாலையே விற்க அனுமதி உண்டு. ஈஸ்ட்ரடையாலைத்தான் ஐரோப்பிய ஒன்றியம் பண்ணை விலங்குகளில் விலக்கி வைத்தது. அந்தக் கவலையில் நியாயம் உண்டு. எல்லா ஊசியையும் ஒரே கூடையில் போடாதீர்கள்.

மார்ச் 24

கேள்விக்காரரின் மாடு பற்றிய செய்தி. தீவனம் மாற்றி ஐந்து வாரத்தில், கருவி வைப்பதற்கு முன்பே, தானாகக் கத்தியிருக்கிறது. கோழை கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்ததாம். சினை ஊசி போட்டிருக்கிறார்கள். நின்றதா இல்லையா என்று இப்போதே கேட்காதீர்கள். இரண்டு மாதம் கழித்துக் கைவிட்டுப் பார்க்கட்டும். இடையில் 21ஆம் நாளைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

எருமை வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தீவனம் மட்டும் போதும் என்று இருந்துவிட வேண்டாம். எருமைக்கு ஊமைப் பருவம் அதிகம். கத்தாது, பெரும்பாலும் இரவில்தான் அடையாளம் காட்டும். சித்திரை, வைகாசி வெயிலில் சுழற்சியே மங்கிவிடும். கருவியோடு சேர்த்த ஓவ்சிங்க் அங்கே நன்றாக உதவுகிறது. நிழலும் மதியக் குளியலும் இல்லாமல் செய்தால் அதுவும் போச்சு.

ஏப்ரல் 7

கடைசிக் கேள்வி ஆட்டைப் பற்றி. நாற்பது வெள்ளாடு, ஒரே நேரத்தில் குட்டி போட வைத்து ஒரே லோடில் விற்க வேண்டும், பி.ஜி. போடலாமா?

வெள்ளாட்டில் கூடுதல் கவனம் வேண்டும். செம்மறி இரண்டு மாதத்துக்கு மேல் கார்பஸ் லூட்டியம் இல்லாமலே சினையைத் தாங்கும். வெள்ளாட்டுக்குக் கடைசி வரை அது வேண்டும். சினை ஆடு எத்தனை மாதமாக இருந்தாலும் பி.ஜி. போட்டால் குட்டி வெளியே. கிடா எப்போதும் மந்தையிலேயே சுற்றுகிறது என்கிறீர்கள், அப்படியானால் நாற்பதில் எத்தனை ஏற்கெனவே சினை என்று உங்களுக்கே தெரியாது. ஹார்மோன் தோய்ந்த பஞ்சை 11 நாள் உள்ளே வைக்கும் முறை உண்டு, அதற்கும் பி.எம்.எஸ்.ஜி. சேர்ப்பார்கள். நாற்பது ஆட்டுக்குச் செலவு கூட்டிப் பாருங்கள்.

அதற்கு முன் கிடாவைப் பிரித்துப் பாருங்கள். குறைந்தது மூன்று வாரம், பார்வைக்கும் சத்தத்துக்கும் வாடைக்கும் எட்டாத இடத்தில், பக்கத்து ஊர்ச் சொந்தக்காரர் தோட்டம் மாதிரி. அப்புறம் ஒரே நாளில் உள்ளே விடுங்கள், வேறு கிடாவாக இருந்தால் இன்னும் நல்லது. பருவம் அடங்கியிருந்த ஆடுகளில் பலவும் சில நாளில் கிளம்பிவிடும். முதல் பருவம் பெரும்பாலும் குறுகி வீணாகும், அதிலிருந்து ஒரு வாரத்தில் வருவதுதான் சினை பிடிக்கும். நாற்பதுக்கு ஒரு கிடா போதாது, இரண்டு வையுங்கள். சேர்ந்த தேதியிலிருந்து 150 நாள் கணக்கு. பக்ரீத் சந்தைக்கு என்றால் குட்டி வளர்கிற மாதங்களையும் சேர்த்துப் பின்னோக்கி எண்ணி, கிடாவை எப்போது பிரிப்பது என்று இப்போதே முடிவு செய்யுங்கள்.